உலைக்களம் யாருடையது?

2025 ஜனவரி 23 அன்று சென்னையில் 'இரும்பின் தொன்மை' என்ற ஆய்வறிக்கையை வெளியிட்ட முதலமைச்சர், இரும்புக் காலம் தமிழ் மண்ணில்தான் தொடங்கியது என்று அறிவித்தார். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலம் பொ.ஆ.மு. 3345 வரை போகிறது. அதாவது ஏறத்தாழ 5,300 ஆண்டுகள். அன்று மாலைக்குள் அந்தச் செய்தி எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் ஏறிவிட்டது. நம் தோழர்களும் பகிர்ந்தார்கள். பகிர வேண்டிய செய்திதான்.

ஆனால் பெருமைப்பட்டதோடு நாம் நின்றுவிட முடியாது. அந்த இரும்பை உருக்கியவர்கள் யார்? அந்த அறிவு பிறகு எப்படி ஒரு சில குடும்பங்களின் சொத்தாக மாறியது? இன்று இடையஞ்சாவடியின் காலனித் தெருவில் இருக்கும் ஒரு பையனோ பெண்ணோ 'நானும் வீட்டில் ஒரு கொல்லுப்பட்டறை போட்டு, அரிவாளும் கத்தியும் அடிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன்' என்று சொன்னால், அதற்குக் குறுக்கே நிற்பது எது? இந்தக் கட்டுரை இந்தக் கேள்விகளைப் பற்றியது.

பெயர் இல்லாத கைகள்

இரும்பு ஒரு கையில் உருவாகும் பொருள் அல்ல. மண்ணிலிருந்து கல்லையும் கருமணலையும் எடுப்பவர் ஒருவர். காட்டில் மரம் வெட்டிக் கரி சுடுபவர் ஒருவர். உலையில் உருக்குபவர் ஒருவர். உருகி வந்த கட்டியைக் காய்ச்சி அடித்துக் கொழுவாகவும் அரிவாளாகவும் ஆக்குபவர் இன்னொருவர்.

துருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று இல்லாமல் உலை இல்லை. மின்விசிறி வருவதற்கு முன் அந்தக் காற்றைக் கொடுத்தது ஆட்டுத்தோலிலும் மாட்டுத்தோலிலும் செய்த துருத்தி. தோலை உரித்துப் பதப்படுத்தும் வேலை யாருடைய தலையில் கட்டப்பட்டது என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிய மக்கள் பதப்படுத்திய தோலின் மூச்சில்தான் ஊரின் உலை எரிந்தது. தோல் உள்ளே போகலாம், தோலைக் கொடுத்தவர் தள்ளி நிற்க வேண்டும். சாதியின் கணக்கு எப்போதும் இதுதான்.

மத்திய, கிழக்கு இந்தியாவில் இரும்பு உருக்கியவர்களாக அறியப்படும் அகாரியா, அசுர் மக்கள் பழங்குடியினர். உருக்குகிற கைக்கு மதிப்பில்லை, உருக்கிய பொருளுக்கு மதிப்பு உண்டு என்பது இந்தியா முழுவதற்கும் பொதுவான கதை.

நம் பக்கத்துக்கே வருவோம். மரக்காணமும் இடையஞ்சாவடியும் முன்பு தென்னாற்காடு மாவட்டம். அதே தென்னாற்காட்டின் மேற்கில் உள்ள மேல்சிறுவள்ளூரில், உருக்கு எஃகு செய்த மண்குகைகளின் மிச்சங்களை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1990களில் அடையாளம் கண்டு எழுதினார். உலகம் 'வூட்ஸ்' என்று அழைக்கும் எஃகு இதுதான். மேற்காசியாவில் டமாஸ்கஸ் வாள் என்று புகழ்பெற்ற வாள்களுக்கு மூலப்பொருளும் இந்த வகை எஃகே. 'எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்' என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, இந்திய இரும்பும் எஃகும் செங்கடல் துறைமுகத்துக்குப் போனதைச் சொல்கிறது. அதே நூல் சொல்லும் 'சோபட்மா' என்ற துறைமுகத்தை அறிஞர்கள் பலர் மரக்காணம் என்று அடையாளப்படுத்துகிறார்கள்.

செய்முறை எளிமையானதாகத் தோன்றும், ஆனால் நுட்பமானது. உமி கலந்த களிமண்ணில் சிறு குகை பிடிப்பார்கள். அதற்குள் சுமார் அரைக் கிலோ இரும்புத் துண்டுகள், கொஞ்சம் காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே எருக்கிலை. வாயைக் களிமண்ணால் மூடி, இருபதுக்கும் மேற்பட்ட குகைகளை ஒரே உலையில் அடுக்கி, துருத்தி ஊதுவார்கள். இலையிலும் குச்சியிலும் உள்ள கரி இரும்புக்குள் ஏறி எஃகாகும். ஆவாரையும் எருக்கும் இன்றைக்கும் நம் ஊர் வண்டிப்பாதை ஓரத்தில் நிற்கின்றன.

இந்த எஃகு லண்டனுக்குப் போனது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை படித்தார். 1819இல் மைக்கேல் ஃபாரடே அதைப் பகுப்பாய்வு செய்து எழுதினார். ஆமாம், மின்சாரப் பாடத்தில் நாம் படிக்கும் அதே ஃபாரடேதான். அவருடைய அப்பா ஒரு கொல்லர். ஃபாரடே பதினான்கு வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்து, 1813இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகி, உலகின் பெரிய விஞ்ஞானிகளில் ஒருவரானார். இங்கிலாந்தில் வர்க்கக் கொடுமை இல்லாமல் இல்லை. ஆனாலும் கொல்லரின் மகன் புத்தகக் கடைக்கும், அங்கிருந்து ஆய்வுக்கூடத்துக்கும் போக ஒரு சந்து இருந்தது. அவர் கையில் எடுத்துச் சோதித்த எஃகைச் செய்தவரின் மகனுக்கு இங்கே அப்படி ஒரு சந்து இல்லை. ஆய்வு செய்தவர்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. செய்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

சேரிகளின் பட்டியலில் கொல்லர்

'கொல்லர்கள் ஆதிக்க சாதியா?' என்று ஒரு தோழர் கேட்கலாம். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் வரலாறு படிக்க வேண்டியிருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் வரி இல்லாத நிலங்களைப் பட்டியலிடுகின்றன. அந்தப் பட்டியலில் ஊர்நத்தம் வருகிறது. அதோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி, ஈழச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாக வருகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'தீண்டா' என்ற சொல் கல்லில் ஏறிவிட்டது என்பதற்கு இது சான்று. கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள். கம்மாளர்களும் ஊரோடு சேராமல் தனிச் சேரியில்தான் இருந்தார்கள்.

கொங்கு நாட்டுக் கம்மாளர்களுக்கு ஓர் அரசன் கொடுத்த ஆணை பேரூர்க் கல்வெட்டில் இருக்கிறது. நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், முரசு கொட்டலாம், வெளியே போகும்போது செருப்புப் போடலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம் என்று அனுமதி கொடுக்கிறது. அனுமதி கொடுக்கவேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் இவையெல்லாம் மறுக்கப்பட்டிருந்தன என்று பொருள். செருப்புப் போட அரசாணை வாங்கிய மக்கள் அவர்கள்.

பிறகு அவர்கள் மேலே ஏறினார்கள். எப்படி ஏறினார்கள் என்பது நமக்கு முக்கியம். தாங்களே விசுவகர்மப் பிராமணர்கள், தங்கள் சடங்கைத் தாங்களே செய்துகொள்வோம் என்று வாதிட்டார்கள். 1818இல் சித்தூர் ஜில்லா அதாலத்தில் அதற்குச் சாதகமான தீர்ப்பும் வாங்கினார்கள். பார்ப்பனப் புரோகிதரின் ஏகபோகத்தைக் கேள்வி கேட்டது துணிச்சலான செயல். ஆனால் ஏணியை உடைக்கவில்லை. ஏணியில் ஒரு படி மேலே இடம் கேட்டார்கள். அண்ணல் அம்பேத்கர் 'படிநிலைச் சமத்துவமின்மை' என்று சொன்னது இதைத்தான். ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் மேலே ஒரு குறை, கீழே ஒரு ஆறுதல். அந்த ஆறுதல் இருக்கும்வரை எல்லோரும் சேர்ந்து ஏணியை உடைக்க வரமாட்டார்கள்.

கிராமத்துப் பொருளாதாரமும் இந்தப் பிரிவை இறுக்கியது. கொல்லருக்குக் கூலி காசாக வரவில்லை, களத்துமேட்டில் நெல்லாக வந்தது. அளந்து போட்டவர் நிலம் வைத்திருந்தவர். பண்ணையாளுக்கு நிலமும் இல்லை, ஏரும் சொந்தமில்லை. அவர் கையில் இருந்த மண்வெட்டியும் பண்ணையுடையது. அதனால் பட்டறையோடு அவருக்கு இருந்த உறவு, ஆண்டையின் கொழுவைத் தோளில் தூக்கிப் போய்க் கூர்தீட்டிக்கொண்டு வருவது மட்டும். இரும்போடு வாழ்நாள் முழுக்க உழைத்தவருக்கு இரும்பு வேலை கற்க வழி இல்லாமல் போனது இப்படித்தான்.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் அல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து வைப்பது என்று அண்ணல் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார். அதற்கு உலைக்களத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கரிக்காரர், தோல்காரர், உருக்குபவர், அடிப்பவர் ஆகிய நால்வரின் உழைப்பும் ஒரு அரிவாளில் சேர்கிறது. நால்வரும் சேர்ந்து ஒரு பந்தியில் உட்கார முடியாது.

உலைகள் அணைந்த காலம்

1830வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற முன்னாள் கம்பெனி அதிகாரி, நம் தென்னாற்காட்டுக் கடற்கரையிலேயே, பரங்கிப்பேட்டையில், ஒரு பெரிய இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து வந்தது. எரிக்க மரக்கரி. காடுகளில் மரம் வெட்டக் கம்பெனி அரசு உரிமை கொடுத்தது. ஆலை கைமாறி, 1853இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனியாகி, 1860களில் முடிவுக்கு வந்தது. காடு போனது, ஆலையும் நிற்கவில்லை.

அதற்குள் இங்கிலாந்தின் மலிவான இரும்பு கப்பலில் வந்து இறங்கத் தொடங்கிவிட்டது. 1882இன் சென்னை வனச் சட்டம் காட்டைப் பூட்டியது. கரி இல்லாமல் சிறு உலைகள் அணைந்தன. மண்ணிலிருந்து இரும்பு எடுத்த அறிவு இரண்டு மூன்று தலைமுறையில் மறைந்தே போனது. கிராமத்துக் கொல்லர் பிழைத்தார், ஆனால் கப்பலில் வந்த பட்டை இரும்பைக் காய்ச்சி அடிப்பவராக மட்டும்.

நம் மக்கள் இரும்போடும் இயந்திரத்தோடும் கூலித் தொழிலாளராக நேருக்கு நேர் நின்றது வேறு இடத்தில். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய கோலார் தங்கவயலுக்கு வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் போனார்கள். சுரங்கத்தின் ஆழமும் தூசியும் உயிரைக் குடித்தன. மேல்பதவிகள் வெள்ளையருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும்தான். ஆனாலும் கூலி நெல்லாக இல்லை, காசாக வந்தது. அந்தக் காசில் பள்ளி வந்தது, சங்கம் வந்தது. பண்டிதர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் அங்கே மாரிக்குப்பத்தில் வேர் பிடித்தது தற்செயல் அல்ல. ஊர்ப் பட்டறையில் நுழைய முடியாதவர்கள் ஊரைவிட்டு வெளியேறியபோதுதான் இயந்திரம் கைக்கு வந்தது.

தொழில் கற்பது கதவா, பொறியா?

இங்கே ஒரு கடினமான கேள்வி இருக்கிறது. தலித் பிள்ளைகளைப் பார்த்துக் 'கைத்தொழில் கற்றுக்கொள்' என்று சொல்வதே ஒரு பழைய தந்திரம் அல்லவா?

1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி அரை நாள், மீதி நேரம் அப்பாவின் தொழில். தந்தை பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார். கொல்லர் மகன் உலைக்குப் போவான், பறையர் மகன் எங்கே போவான்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் வந்தார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

இதே விவாதம் கடலுக்கு அப்பாலும் நடந்தது. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த பிறகு, புக்கர் டி. வாஷிங்டன் 1881 முதல் டஸ்கீகியில் கறுப்பின மாணவர்களுக்குக் கொல்லு வேலை, தச்சு, செங்கல் அறுப்பு கற்றுக்கொடுத்தார். டுபாய்ஸ் 1903இல் அதைக் கடுமையாக விமர்சித்தார். உயர்கல்வியையும் வாக்குரிமையையும் விட்டுக்கொடுத்துவிட்டுச் சுத்தியலை மட்டும் வாங்கிக்கொள்ள முடியாது என்பது அவர் வாதம். அவர் சொன்னது சரி. ஆனால் சுத்தியலை மட்டமாகப் பார்க்கவும் வேண்டியதில்லை. 1800இல் வர்ஜீனியாவில் அடிமைகளின் கிளர்ச்சியைத் திட்டமிட்டுத் தூக்கில் ஏறிய கேப்ரியல் ஒரு கொல்லர். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், பிலிப் சிம்மன்ஸ் என்ற கறுப்பினத்தவர், அடிமையாகப் பிறந்த ஒரு பெரியவரிடம் 13 வயதில் வேலை கற்றார். அந்த நகரின் வீடுகளுக்கு நூற்றுக்கணக்கான இரும்புக் கதவுகள் செய்து, 1982இல் நாட்டின் உயர்ந்த கைவினைக் கௌரவத்தைப் பெற்றார்.

ஆக, ஒரு தொழில் அடிமைத்தனமா விடுதலையா என்பது தொழிலில் இல்லை. பிறப்பு அதைத் தீர்மானிக்கிறதா, நாம் தீர்மானிக்கிறோமா என்பதில் இருக்கிறது.

2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கொல்லு வேலை உட்பட 18 தொழில்கள். கருவி வாங்க 15,000 ரூபாய். இரண்டு தவணையாக 3 லட்சம் வரை 5% வட்டியில் கடன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குடும்பம் வழியாக வரும் பாரம்பரியத் தொழிலில் இருப்பவருக்கு என்பது விதி, வயது 18 ஆனால் போதும். பெயரிலேயே சாதி இருக்கிறது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்குங்கள், குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. 2024 நவம்பரில், இப்போதைய வடிவில் நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று மாநில அரசு எழுதிவிட்டது. 2025இல் 'கலைஞர் கைவினைத் திட்டம்' வந்தது. குடும்பத் தொழில் நிபந்தனை இல்லை. 35 வயது ஆகியிருக்க வேண்டும்.

படிக்கிற பிள்ளை படிப்பை விட்டுவிடக் கூடாது என்ற அக்கறை அந்த 35இல் இருக்கிறது. அதை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் எந்தக் குடும்ப உலையும் இல்லாத 22 வயதுத் தலித் இளைஞர் புதிதாகக் கற்க விரும்பினால், இந்த இரண்டு திட்டத்திலும் அவருக்கு இடம் இல்லை. அவருக்கு உதவக்கூடியது 'அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்'. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35% மூலதன மானியமும் 6% வட்டி மானியமும் உண்டு. அப்பா என்ன செய்தார் என்று கேட்பதில்லை. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

இடையஞ்சாவடியில் ஓர் உலை போட

நம் கரையோரத்தில் கொல்லு வேலைக்குத் தேவை இருக்கிறது. உப்பளத்தின் உப்புக்காற்று மண்வெட்டியையும் கடப்பாரையையும் தின்றுகொண்டே இருக்கிறது. சவுக்குத் தோப்பில் கோடாரி, பனையில் அரிவாள், முந்திரிக் காட்டில் கத்தி. பக்கத்தில் ஆரோவில், கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி. கையால் அடித்த சமையல் கத்திக்கும் கதவுக் கொண்டிக்கும் நல்ல விலை கொடுப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

சின்ன உலைக்குப் பெரிய முதல் தேவையில்லை. பழைய லாரி பிரேக் டிரம்முக்குள் களிமண்ணும் மணலும் பூசினால் உலை. அடியில் ஒரு இரும்புக் குழாய், அதன் முனையில் சிறிய புளோயர். எரிக்கச் சவுக்குக் கரி. அடிகல்லாக ஒரு கனமான இரும்புத் துண்டு. ஒரு சுத்தியல், ஒரு குறடு, ஒரு வாளித் தண்ணீர். கத்திக்கு லாரி ஸ்பிரிங் பட்டை நல்ல எஃகு. பட்டையை மஞ்சளாகக் காயவைத்து அடியுங்கள். சிவப்பு மங்கியதும் திரும்ப உலையில் வையுங்கள், குளிர்ந்த இரும்பை அடித்தால் விரிசல் விடும். வடிவம் வந்த பிறகு, காந்தம் ஒட்டாத சூடு வரும்வரை காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் இறுகும். ஆனால் கண்ணாடி போல் உடையவும் உடையும். அதனால் மெல்லத் திரும்பச் சூடேற்றி, தேய்த்த இடம் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். இதுதான் பதம். எழுதிப் படிக்கிற விஷயம் இல்லை, கண் பழக வேண்டும்.

மூன்று எச்சரிக்கை. மூடிய அறையில் உலை வேண்டாம், கரிப்புகை கொல்லும். துத்தநாகம் பூசிய தகரத்தையும் குழாயையும் நெருப்பில் வைக்காதீர்கள், அந்தப் புகையும் நஞ்சு. மூன்றாவது எச்சரிக்கை நம் மக்களுக்குக் குறிப்பாக. அடிகல்லுக்குத் தண்டவாளத் துண்டு வாங்கினால் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு எதிரான 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ரசீது இல்லாத இரும்பு காலனி வீட்டில் இருந்தால் அதை எப்படிப் பார்ப்பார்கள் என்று நமக்குத் தெரியும்.

'வீட்டுப் பட்டறை' என்ற சொல்லில் 'வீடு' என்பதையும் யோசியுங்கள். அரசு கொடுத்த இரண்டு மூன்று சென்ட் மனையில், ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும் நெருங்கி நிற்கும் தெருவில், நெருப்பை எங்கே வைப்பது? 2012இல் தருமபுரி நாயக்கன்கொட்டாயிலும் 2013 ஏப்ரலில் மரக்காணத்திலும் நம் மக்களின் வீடுகள் எரிந்தன. வீடு எரிந்தால் பட்டறையும் எரியும், அதன் மேல் வாங்கிய கடன் மட்டும் எரியாது. அதனால் தனித்தனி வீட்டு உலை என்பதைவிட, காலனிக்குப் பொதுவாக ஒரு கொட்டகை கேட்போம். ஊராட்சி நிலத்தில் தகரக் கூரை, மின் இணைப்பு, காப்பீடு. பயிற்சி தர, வேலை தெரிந்த பெரியவருக்கு மாதச் சம்பளம். இன்றைக்குக் கொல்லர் வீட்டுப் பிள்ளைகளே உலையை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. அந்தப் பெரியவரின் கையில் இருக்கும் அறிவு அவரோடு போகாமல் இருக்க, சாதி பார்க்காமல் யார் வேண்டுமானாலும் வந்து கற்கும் இடம் அவருக்கும் தேவை, நமக்கும் தேவை. பெண்களும் வரவேண்டும். சம்மட்டி தூக்க முடியாது என்று சொல்பவர்கள், உப்பளத்தில் நம் அம்மாக்கள் சுமக்கும் சுமையைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

படிப்பை விடாதீர்கள். கல்லூரியில் உலோகவியல் கிடைத்தால் அதைப் படியுங்கள், ஐ.டி.ஐ. கிடைத்தால் அதில் சேருங்கள். இரண்டோடும் சேர்த்து உலையும் பழகலாம். இந்த வாரம் உங்கள் ஊரில் கொல்லுப்பட்டறை இன்னும் நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் போய் அந்தப் பெரியவரிடம் பேசுங்கள், அவர் சொல்வதைக் குறித்துவையுங்கள். அவர் பெயரையும் எழுதுங்கள், துருத்திக்குத் தோல் கொடுத்தவர் பெயர் அவருக்கு நினைவிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் பொதுப் பட்டறைக்கான தீர்மானத்தை முன்வையுங்கள். 5,300 ஆண்டுப் பெருமையில் நம் பங்கு எவ்வளவு என்பதை அந்தத் தீர்மானம் பதிவேட்டில் ஏறும்போது பேசிக்கொள்ளலாம்.

ஜெய்பீம்.